மருமகன் வாங்கிய கிராபிக்ஸ் கார்ட்

2009 நவம்பர் 14, சனிக்கிழமை, காலை பத்து முப்பத்தைந்து. இராகு காலம் கழிந்து ஐந்து நிமிடம். வாவிப் பக்கமிருந்து தூறல். அமிர்தகழியிலிருந்து ஓட்டோவில் நானும் மருமகனும் மட்டக்களப்பு நகரத்துக்குப் புறப்பட்டோம்.

எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் வந்து குடியேற வேண்டும். இவர் கதிரவெளிக்காரர். சுனாமியில் கடல் வீட்டைக் கொண்டுபோக, பிறகு சண்டையில் இரண்டு தரம் இடம்பெயர்ந்து, முகாம் முகாமாக இருந்தவர். வந்து மூன்று மாதமாகியும் உடுப்பை அலுமாரியில் வைக்காமல் பயணப் பையிலேயே மடித்து வைத்திருந்தார். எதைக் கேட்டாலும் “ஓம் மாமா” மட்டும்தான். விருந்தாளியாகவே இருந்துவிடுவாரோ என்று எனக்குக் கவலை. கலியாணத்துக்கு ஒரு சாமானும் கேட்காதவர், கொம்பியூட்டரில் கார் ஓட்டி விளையாட நல்ல கிராபிக்ஸ் கார்ட் ஒன்று இருந்தால் நல்லது என்று மகளிடம் சொன்னாராம். அதனால்தான் இந்தப் பயணம்.

கடையில் இரண்டு கார்ட் காட்டினார்கள். ஒன்று ஒரு ஜிபி, பதினோராயிரத்து ஐந்நூறு. மற்றது 512 எம்பி, பதினையாயிரத்து ஐந்நூறு. முப்பத்தொரு வருடம் கணக்குப் படிப்பித்தவனுக்கு இதில் என்ன யோசனை? நினைவகம் இரட்டிப்பு, விலை நாலாயிரம் குறைவு.

“இதை எடுப்பமா, மருமகன்?”

“ஓம் மாமா.”

வீட்டுக்கு வந்து கார்டைக் கொம்பியூட்டரில் பூட்டினார். கார் ஓடியது. ஒரு சுற்றுக்குள் ஏழு தரம் நின்று நின்று பாய்ந்தது. நான் எண்ணினேன்.

“எப்படி மனே?”

“நல்லா ஓடுது மாமா.”

குசினியிலிருந்து மகள் சிரித்தாள். “வீடு பத்தி எரிஞ்சாலும் உங்கட மருமகன் நல்லா இரிக்கு மாமா எண்டுதான் சொல்லுவார். மற்றதுதான் நல்லமெண்டு கடையிலயே அவருக்குத் தெரியும் அப்பா!”

“தெரிஞ்சா ஏன் மனே சொல்லல்ல?”

அவர் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “கடைக்காரனுக்கு முன்னால மாமாட கணக்கு பிழை எண்டு சொல்ல ஏலுமா?”

“சரி, இப்ப கடைக்காரன் இல்ல. சொல்லுங்க.”

“ஜிபி கூட எண்டா வயல் வட்டை பெரிசு, அவ்வளவுதான் மாமா. இந்தக் கார்டில அதை வெட்டி முடிக்க ஆள் காணாது, அதான் வேகமில்ல.”

அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. கார்ட் பிழையாகிப் போனதற்காக அல்ல. என் வீட்டில், தன் ஆசைக்கென்று வாங்கிய பொருளில்கூட, அந்தப் பிள்ளையால் “இல்லை” என்று சொல்ல முடியவில்லையே.

திங்கட்கிழமை மாற்றப் போனோம். பெட்டி உடைத்ததற்கு ஆயிரத்து ஐந்நூறு கழிப்பேன் என்றார் கடைக்காரர். பதின்மூவாயிரத்துக்கு இன்னொரு கார்ட் கண்ணாடிக்குள் இருந்தது. பழக்க தோஷத்தில் விரலை நீட்டிவிட்டேன்.

“இது நடுவில ஒண்டு…”

“இல்ல மாமா. அது வேணாம். எனக்கு அண்டைக்குப் பார்த்ததுதான் வேணும்.”

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். மருமகனுக்குக் காது சிவந்துவிட்டது. ஆனால் அந்தக் கார்டைக் காட்டி நீட்டிய விரலை எடுக்கவில்லை.

“நாலாயிரம் கூட, மருமகன்,” என்றேன், முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொண்டு.

“கூடத்தான் மாமா. உங்கட கணக்கை நம்பினதால ஆயிரத்தைநூறு ஏற்கெனவே போயிற்று.”

கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். மாமனாரைப் பிறர் முன்னால் நக்கலடிக்கிறவன் விருந்தாளியா? எதிர்க் கடையில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். சீனி காணாது என்று திருப்பிக் கொடுத்தார். அதுவும் எனக்குச் சந்தோஷம்தான்.

கார்ட் பதினையாயிரத்து ஐந்நூறு, கழிவு ஆயிரத்து ஐந்நூறு, இரண்டு நாள் ஓட்டோ அறுநூறு, தேத்தண்ணியும் வடையும் எண்பது. ஆக மொத்தம் பதினேழாயிரத்து அறுநூற்று எண்பது ரூபாய்.