நல்லதம்பியின் மகன் நல்லதம்பி

நோர்வேயில், ரொம்மன் என்ற இடத்தில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியின் வாசலில் முப்பதுக்கும் மேற்பட்ட தபால்பெட்டிகள் இருக்கின்றன. எங்கள் பெட்டியில் என் பெயர் இல்லை. மனைவி சுகந்தியின் பெயரும் இல்லை, மகள் துளசியின் பெயரும் இல்லை. ‘நல்லதம்பி’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. நல்லதம்பி என் அப்பா. அவர் நோர்வேக்கு வந்ததேயில்லை. ஆனாலும் மின்சாரக் கட்டணமும், பல் வைத்தியரின் நினைவூட்டலும், துளசியின் பள்ளிக்கூடக் கடிதமும் அவரைத் தேடித்தான் வருகின்றன. இந்த நாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபோர்நாவ்னும் ஒரு எற்றர்நாவ்னும் வேண்டும், முன்பெயர், பின்பெயர். பின்பெயர் குடும்பத்துக்கு உரியது, பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து மாறாமல் வருவது. நாங்களோ தகப்பனின் பெயரை ஒரு தலைமுறைக்கு வைத்திருந்துவிட்டு இறக்கிவைக்கிற ஆட்கள். என் பெயர் ரவீந்திரன். பின்பெயர் கேட்ட இடத்தில் அப்பாவின் பெயரைக் கொடுத்தேன். அது வீட்டிலுள்ள எல்லோர் மேலும் ஒட்டிக்கொண்டது. இதில் அதிகம் அவதிப்பட்டவள் சுகந்தி. மாமனாரின் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று தாயிடம் கேட்டு வளர்ந்தவள், இங்கே தொலைபேசியை எடுத்தவுடன் அந்தப் பெயரைச் சொல்லித்தான் தன்னை அறிமுகம் செய்யவேண்டும். முதல் இரண்டு வருடம் அவள் தொலைபேசியையே எடுக்கவில்லை.

இதையெல்லாம் பகிடியாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், 2009ஆம் ஆண்டு வரும் வரைக்கும். அம்மா போனபிறகு அப்பா கிளிநொச்சியில் தனியாக இருந்தார். எத்தனை தரம் கேட்டும் வெளியே வர மறுத்துவிட்டார். அந்தத் தை மாதம் யாருடையதோ தொலைபேசியில் எடுத்து, “இடம்பெயருறம், பிறகு எடுக்கிறன்” என்றார். அந்தப் பிறகு வரவேயில்லை. நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். கைத்தொலைபேசியை ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு அவித்தேன். வீட்டுக்கு வந்தால் கணினி. சனம் கடற்கரையை நோக்கி ஒடுங்கிக்கொண்டு போக, படங்களில் அப்பாவின் முதுகு மாதிரி ஒரு முதுகு தெரியாதா என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவருக்கு எழுபத்துநான்கு வயது, நீரிழிவும் இருந்தது.

பங்குனியில், போரில் தொலைந்தவர்களைத் தேடித்தருகிற அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்த பெண் மிகவும் பொறுமையானவர். தேடப்படுகிறவரின் எற்றர்நாவ்ன் என்ன என்று கேட்டார். நல்லதம்பி என்று சொல்லவேண்டும் போலத்தான் வாய் வந்தது. ஆனால் சரியாகச் சொல்லவேண்டும் என்று நினைத்து, “அவருடைய சொந்தப் பெயர்தான் நல்லதம்பி. அவருடைய தகப்பன் பெயர் கந்தையா” என்றேன். “அப்படியானால் எற்றர்நாவ்ன் கந்தையா. உங்களுடையது நல்லதம்பி.” பேனையை நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அவர் உங்களைப் பெற்ற தகப்பனா, வளர்த்தவரா?” அவர் அன்பாகத்தான் கேட்டார். எனக்கோ அது விசாரணை மாதிரிக் கேட்டது.

ஏனென்றால் இது மாதிரி ஒரு கேள்வியை எண்பதுகளின் கடைசியில் ஒரு பொலிஸ்காரர் என்னிடம் கேட்டிருந்தார். அகதி விண்ணப்பத்துக்கான விசாரணை அது. உன் பின்பெயர் ஒன்று, தகப்பனின் பின்பெயர் வேறொன்று, அப்படியானால் எது பொய் என்று மூன்று மணித்தியாலம் திருப்பித் திருப்பிக் கேட்டார். கூட வந்திறங்கிய ஒருவரைத் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று அகதி முகாமில் கதை அடிபட்ட நேரம். அன்றைக்குப் பிடித்த பயம் எனக்கு இன்றும் விடவில்லை. இந்த நாட்டில் தகப்பனுக்கும் மகனுக்கும் பின்பெயர் ஒன்றாக இல்லாவிட்டால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று என் மண்டையில் பதிந்துவிட்டது. அதனால் அந்த மேசைக்கு முன்னால், குடியுரிமை எடுத்துப் பத்து வருடத்துக்கு மேலானவன், கையில் நோர்வேக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு, “இல்லை இல்லை, எற்றர்நாவ்ன் ஒன்றுதான், நல்லதம்பி” என்று அவசரமாகச் சொன்னேன். அப்போ ஃபோர்நாவ்ன்? “அதுவும் நல்லதம்பிதான்.” அவர் எழுதினார்: நல்லதம்பி நல்லதம்பி. எழுதியதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பிழை என்று தெரிந்தது. பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

போர் முடிந்ததாக அறிவித்து ஒரு கிழமையில் பதில் வந்தது. அந்தப் பெயரில் ஒருவரும் எந்தப் பட்டியலிலும் இல்லை, எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை, எந்த முகாமிலும் இல்லை. நான் படித்துவிட்டுச் சுகந்தியிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டுச் சாமித்தட்டில் வைத்தாள். அதற்குப் பிறகு எங்களைப் பார்க்க வந்தவர்கள் அப்பாவை இறந்தகாலத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். நல்ல மனுசன், ஒருத்தருக்கும் ஒரு சொல்லுச் சொல்லாத மனுசன் என்று. அவர் வாய் காட்டிச் சண்டை பிடிக்காத ஆள் ஊரிலேயே இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்தப் புகழ்ச்சியைக் கேட்கக் கேட்க எனக்குக் கோபம்தான் வந்தது.

அப்படியான ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துளசி ஒரு டிவிடியோடு வந்தாள். பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்துக்கு, பழைய பிரித்தானியப் பேய்ப்படம் ஒன்றைப் பார்த்து எழுதவேண்டுமாம். அந்தக் காலத்து நாவல் ஒன்றிலிருந்து எடுத்தது. “அப்பா, நீங்களும் இருந்து பாருங்கோ, எனக்குத் தனியப் பார்க்க ஏலாது” என்றாள். அவளுக்குப் பேய்ப்படத்துக்கெல்லாம் பயம் இல்லை. என்னைக் கணினியோடு தனியே விடக்கூடாது என்று தாயும் மகளும் பேசி வைத்திருந்தார்கள். வெளியே நல்ல வெயில். திரைச்சீலையை இழுத்துவிட்டு மூன்று பேரும் இருந்தோம்.

ஒரு மாளிகை, அதற்குள் ஒரு பணக்கார விஞ்ஞானி. கண்ணாடிக் குடுவைகளில் சிவப்பும் பச்சையுமாக ஏதோ கொதிக்கிறது. ஒருவனுடைய உடல், இன்னொருவனுடைய கை, வேறொருவனுடைய மூளை என்று பிணங்களிலிருந்து எடுத்துத் தைத்து ஒரு மனிதனைச் செய்கிறான். அந்த நாட்களில் உலகத்தையே நடுங்க வைத்த படமாம். இரத்தம் பெயின்ற் நிறத்தில் இருந்தது. நான்கு மாதமாகக் கணினியில் வேறு நிறத்து இரத்தம் பார்த்தவனுக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் முகத்தில் சுற்றியிருந்த துணி கழன்று, தையல் போட்ட அந்த முகம் தெரிந்தபோது சுகந்தி எழும்பி, அடுப்பைப் பார்க்கிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டாள். எனக்குப் பயம் வரவில்லை. அவன் கண் என்னை என்னவோ செய்தது. எங்கே நிற்கிறேன், யார் என்னை இங்கே கொண்டுவந்து விட்டது என்று விளங்காத கண். விமான நிலையத்தில் அப்படி நின்றவர்களை எனக்குத் தெரியும், நானும் நின்றிருக்கிறேன். பேச்சை மாற்ற, “படத்தின்ர பேரிலை வாறது இவன்ர பேர்தானே?” என்று துளசியைக் கேட்டேன்.

“இல்லையப்பா, எல்லாரும் விடுற பிழை அது. எங்களுக்குப் படிப்பிக்கிற லேரர் முதல் நாளே சொன்னவ. அது இவனைச் செய்த ஆளின்ர பேர். செய்யப்பட்டவனுக்குப் பேரே இல்லை. சனம் அவனுக்கும் அந்தாளின்ர பேரையே வைச்சிட்டுது.” படத்தை நிறுத்தாமலே சொன்னாள். பிறகு சிரித்துக்கொண்டு, “பாவம், அவனைத் துலைச்சா என்ன பேர் சொல்லித் தேடுறது?” என்றாள்.

நான் எழும்பியதில் தேத்தண்ணிக் கோப்பை சரிந்தது. சாமித்தட்டுக்குப் போய்க் கடிதத்தை எடுத்தேன். நல்லதம்பி நல்லதம்பி. எங்கள் ஊர் வழக்கத்தில் அதற்கு ஒரே பொருள்தான்: நல்லதம்பியின் மகன் நல்லதம்பி. அப்படி ஒரு மனிதன் பிறக்கவேயில்லை. அவனை எந்த முகாமில் கண்டுபிடிப்பார்கள்? “என்னப்பா, என்ன?” என்று சுகந்தி ஓடிவந்தாள். “நான் பிழையான ஆளைத் தேடியிருக்கிறன்” என்றேன். துளசி படத்தை நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை, அலுவலகம் பூட்டு. அந்தப் பின்னேரத்தை எப்படிக் கழித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. அலுவலகக் கதவு திறந்திருந்த அன்றைக்கு வெட்கத்தில் தலையாட்டிவிட்டு வந்தவன் நான்தான். என் பயத்துக்காக என் தகப்பனை இரண்டாம் தரம் தொலைத்தேன் என்று சுகந்திக்குச் சொன்னபோது அவள் அந்தக் கடிதத்தை மடித்து, அடுத்தநாள் கொண்டுபோக என் சட்டைப்பைக்குள் வைத்தாள். அதுவே எனக்கு ஆறுதலாக இருந்தது.

திங்கட்கிழமை கதவு திறக்கமுன் வாசலில் நின்றேன். அதே பெண். புதிய படிவத்தில் கந்தையா நல்லதம்பி என்று எழுதினோம். என் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கீழே எழுதினார். பத்தொன்பது நாட்கள் கழித்து, சனிக்கிழமை மதியம், தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது.

“ஆர், ரவியோ?”

“அப்பா!”

“கத்தாதை. முகாமிலை ஒளிச்சு வைச்சிருக்கிற ஃபோன். பின்னாலை பத்துப் பேர் நிக்கினம். உயிரோடை இருக்கிறன். காலிலை காயம், ஆறியிட்டுது.” மூச்சு வாங்கினார். “உன்ர நம்பர் இப்பதான் கிடைச்சது. நீ ஏன் ராசா இவ்வளவு நாளும் தேடேல்லை?”

“தேடினனான் அப்பா. அப்பவே தேடினனான்.”

“இஞ்சை ஒவ்வொரு கிழமையும் லிஸ்ற் வாசிப்பினம், வெளிநாட்டிலை இருந்து ஆரைத் தேடுகினம் எண்டு. ஒருநாள் நல்லதம்பி நல்லதம்பி எண்டு வாசிச்சவங்கள். பக்கத்திலை இருந்தவன், உங்களையோ எண்டு கேட்டான். என்ர அப்பு கந்தையா, இது ஆரோ தன்ர பேரையே பிள்ளைக்கும் வைச்ச விசரன் எண்டு சொன்னனான். எழும்பேல்லை.”

அந்த விசரன் நான்தான் என்று சொல்லியிருக்கவேண்டும். துளசி என் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்கி, “அப்பப்பா!” என்று கத்தினாள். நான் காதைக் கிட்ட வைத்துக் கேட்டேன்.

“துளசியோ? பிள்ளை, வெளியிலை இருக்கிற சொந்தக்காரரின்ர பேர் எழுதித்தரச் சொல்லுறாங்கள். உன்ர முழுப்பேர் என்ன?”

“துளசி நல்லதம்பி.”

“அது என்ர பேரெல்லோ. அப்பான்ர பேரோடை சொல்லு.”

“இஞ்சை எங்கள் எல்லாருக்கும் அதுதான், அப்பப்பா.”

“அப்ப அவன்ர பேர் எங்கை?”

துளசி என்னைப் பார்த்தாள். அதற்குள் யாரோ அவசரப்படுத்தும் சத்தம் கேட்டது, தொடர்பு அறுந்துவிட்டது.

அப்பா எழுதிக் கொடுத்த தாளின் பிரதி ஆவணியில் அதே அலுவலகத்துக்கு வந்தது. சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். அவருடைய சரிந்த ஆங்கில எழுத்தில் இரண்டு வரி. நல்லதம்பி ரவீந்திரன், மகன். ரவீந்திரன் துளசி, பேத்தி. பதினைந்து வருடமாக அவளுடைய பிறப்புச் சான்றிதழிலோ, பள்ளிக்கூட அட்டையிலோ, கடவுச்சீட்டிலோ நான் பார்த்திராத பெயர். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முள்ளுக்கம்பிக்குள் அகப்பட்ட ஒரு கிழவர், என் மகளை என் மகளாக எழுதியிருந்தார்.

அந்தப் பெண் பெயரை முன்பின்னாக மாற்றிக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். “துளசி ரவீந்திரன் என்று உங்கள் முகவரியில் ஒருவரும் பதியப்படவில்லையே. இவர் யார்?”

“என் மகள்” என்றேன்.

“இங்கேதான் இருக்கிறாரா?”

இந்தத் தடவை அவசரப்படாமல் யோசித்துத்தான் பதில் சொன்னேன். “இல்லை. இந்தப் பெயரில் இங்கே இல்லை. அங்கே, என் அப்பாவிடம்தான் இருக்கிறாள்.”

அவர் முகம் மாறிவிட்டது. என் கையை மெல்லத் தொட்டு, அப்படியானால் அவரையும் தேடுவோம் என்று சொல்லிக்கொண்டு மேசை லாச்சியிலிருந்து புதிய படிவம் ஒன்றை எடுத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.