மருந்து வரட்டும், தலைப்பா வேண்டாம்

சிட்டி, உன் சேதியை விறகு வண்டிக்காரர் கொண்டுவந்தார். சித்தூரில் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் நோயாளிகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் மாட்டைக்கூட அவிழ்க்கவில்லை. "ஏம்மா, உன் தம்பி பொண்டாட்டி பூட்டாம்மா. குளிர்ஜுரம். அடக்கம் பண்ணிட்டாங்க" என்றார். மிச்சம் நின்றவர்களுக்கும் ஊற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். பசியோடு நிற்கிறவரை விட்டுவிட்டு அழுதால் நீ திட்டியிருப்பாய்.

அவளைத் தெரியாதவர்களுக்காக மீதியை எழுதுகிறேன். அவள் பேர் சென்சம்மா. புத்தூர் மலையடிவாரத்துக்கு வாக்கப்பட்டு வந்தபோது என் தோள் உயரம்கூட இல்லை, அதனால் சின்னவள் என்று சிட்டி. நாங்கள் ஏனாதிகள், எலி பிடித்துப் பிழைக்கிற காட்டுச் சனம். என்னைச் சின்ன வயதிலேயே மிஷன்காரர்கள் சித்தூருக்குக் கூட்டிப்போனதால் போலீசில் என் கைரேகை கிடையாது. அங்கே மற்ற எல்லோருக்கும் உண்டு. யாரோ எங்கோ திருடினார்கள் என்று எங்கள் சனத்தையே திருட்டுச் சாதி என்று சர்க்கார் எழுதிவிட்டது. ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுப் பத்து விரலையும் கறுப்பு மையில் உருட்டினார்கள். அன்றிலிருந்து ஊரைத் தாண்டுவதற்குப் போலீஸ் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் போனால் வீட்டு ஆம்பிளைக்கு ஜெயில்.

வெள்ளைக்காரன் சாமான் என்றாலே முகம் சுளிக்கிறவள் இல்லை அவள். எலி வளையில் புகை போட எங்கள் குடிசைகளில் முதலில் நெருப்புப்பெட்டி வாங்கினது அவள்தான். மழையில் நனையாமல் கொண்டைக்குள் செருகி வைப்பாள். "இதைச் செஞ்சவன் யாரோ, அவன் நல்லா இருக்கட்டும் வதினா. நம்ம வெரலை உருட்டுனவன் மட்டும் நாசமாப் போவட்டும்" என்பாள். நாத்தனாரான என்னை வதினா என்றுதான் கூப்பிடுவாள்.

அவளைப் பற்றி நினைத்தால் எனக்கு முதலில் வருவது அம்மை குத்த வந்த நாள். அவளுக்குக் குழந்தை பிறந்து அதைப் பார்க்க நான் போயிருந்தேன். பக்கத்து ஊரில் அம்மை போட்டுப் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தன. அம்மை வராதபடி கத்தியால் கீறி மருந்து வைக்கிற அம்மை குத்துகிறவர் வந்தார். கூடவே ஒரு கான்ஸ்டேபிள். ரேகை எடுத்தபோது எங்கள் ஆட்களைப் பிடரியில் பிடித்து நிறுத்தியவன். அந்தச் சிவப்புத் தலைப்பாவைக் கண்டதும் சனம் முழுக்க மலைமேல் ஓடிவிட்டது.

மை கழுவினால் போய்விடுகிறது, அதனால் இப்போது போகாத அடையாளம் போடுகிறார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். நான் பின்னாலேயே ஓடி, மிஷனில் குத்திய தழும்பைக் காட்டி, இது நல்லதுதான் என்றேன். "ஐயோ வதினா, உன்னையும் எழுதிட்டாங்களா!" என்று ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சிட்டி ஓடவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு பேருக்கும் எதிரே நின்றாள். நான் இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றேன்.

"இது நல்லதுன்னு சொல்றியே ஐயா, அப்போ மொதல்ல இந்த ஜவானுக்குக் குத்து."

"எனக்கு எதுக்கு? நான் சர்க்கார் ஆளு" என்றான் கான்ஸ்டேபிள்.

"சர்க்கார் ஆளுக்கு அம்மை போடற அம்மா வரமாட்டாளா? உன் தலைப்பாவைப் பாத்துட்டு திரும்பிப் பூடுவாளா?"

அம்மை குத்துகிறவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரிப்பா, சட்டையைச் சுருட்டு" என்றார். சுருட்டினால் தழும்பே இல்லை. கத்தியைத் துடைத்து எடுத்ததும் அவன் பின்னால் நகர்ந்தான். "வேணாங்க, என் வீட்ல வைவாங்க" என்றான். இன்னும் நகர்ந்தான். அப்புறம் ஓடியே விட்டான். தலைப்பா கள்ளிச்செடியில் மாட்டிக்கொண்டது.

பாறைக்குப் பின்னாலிருந்து சிரிப்பு கிளம்பியது. "ஏய் ஜவானு, தலையை உட்டுட்டுப் போறியே!" என்று ஒரு கிழவர் கத்தினார். சிட்டி மலையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"எறங்கி வாங்க! அவனே இதுக்குப் பயந்து ஓடறான். இது அவன் சாமானா இருந்தா ஓடுவானா? இது வேற!"

ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். அந்த வருஷம் எங்கள் குடிசைகளில் ஒரு பிள்ளையும் அம்மையில் போகவில்லை. அம்மை குத்தினவர் கிளம்பும்போது அவரிடம் அவள் சொன்னதை நான் அட்சரம் மாறாமல் வைத்திருக்கிறேன். "மருந்து வரட்டும் ஐயா, எத்தினி வாட்டி வேணா வரட்டும். தலைப்பா வேணாம். ரெண்டும் ஒரே வழியில வந்தா எங்க சனம் மருந்தையும் பாத்து ஓடும்." அவர் அதன்பிறகு தனியாகத்தான் வந்தார்.

ஆனால் மருந்து எங்களிடம் வரும் வழியை மட்டும்தான் அவளால் மாற்ற முடிந்தது. நாங்கள் மருந்திடம் போகும் வழியில் தலைப்பா அப்படியேதான் நின்றது. குளிர்ஜுரம் வந்ததும் என் தம்பி அவளைச் சித்தூருக்குக் கூட்டிவரச் சீட்டுக் கேட்டு ஸ்டேஷனுக்குப் போனான். சீட்டுக் கொடுக்கிற பெரியவர் கேம்ப் போயிருக்கிறார், நாளைக்கு வா என்றார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள். நான் கஞ்சி ஊற்றும் இடத்துக்கு அடுத்த அறையில் குளிர்ஜுரத்துக்குக் கொடுக்கிற கொய்னா மருந்து புட்டி புட்டியாக இருக்கிறது.

வருகிற திங்கட்கிழமை எங்கள் சனம் எல்லாம் தாலுக்கா ஆபீசுக்குப் போகிறோம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களிடம் சீட்டுக் கேட்கக் கூடாது, இதுதான் நாங்கள் கேட்கப்போவது. சீட்டில்லாமல்தான் போகிறோம். "பிடிச்சா பிடிக்கட்டும் அக்கா, இன்னும் எனக்கென்ன இருக்குது" என்கிறான் தம்பி. பேசுவதற்கு என்னை முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். எனக்குப் பேச்சு வராது. அவள் பேசினதைத்தான் வைத்திருக்கிறேன், அதையே அங்கே சொல்வேன். அங்கேயே உட்கார்ந்து, கேட்டதைக் கொடுக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன்.

ஒன்றுதான் எனக்கு ஆறவில்லை, சிட்டி. ஊரே ஓடினபோது ஓடாமல் நின்றவள் நீ. அந்தச் சீட்டு வரட்டும் என்று ஜுரத்தோடு ஏன்டி படுத்திருந்தே? என் தம்பியை உள்ளே போட்டுவிடுவார்கள் என்றா?