தொங்கலில் முறுக்கிய போல்ட்டு

ஒரு மெக்கானிக்கின் பெயரை நான் கெடுத்தேன். அவர் மேல் பிழையில்லை என்று தெரிந்தே கெடுத்தேன். அறியாமல் நடந்துவிட்டது என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. பென்னாகரம் பக்கத்துப் பள்ளிகளில் முப்பத்திரண்டு ஆண்டுகள் விசையையும் முறுக்கத்தையும் கரும்பலகையில் எழுதிய பௌதிக ஆசிரியன் நான்.

அவருடைய பட்டறை இண்டூரில், சாலையோரம். என் கார் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் ‘டொக்’கென்று அடித்தது. அவர் ஒரு கம்பியை நுழைத்து நெம்பிக் காட்டினார். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை வண்டியோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் ஒன்று இருக்கும். சாலையின் அடியை வாங்கிக்கொள்வது அதுதான். என் வண்டியில் அது தேய்ந்து வெடித்து, இரும்பும் இரும்பும் மோதிக்கொண்டிருந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பழைய புஷ்ஷை வெளியே தள்ளிப் புதியதை ஏற்றினார். போல்ட்டுகளைக் கையளவில் பொருத்தியதோடு நிறுத்திக்கொண்டார். வண்டி இன்னும் ஜாக்கியின் மேல்தான் நின்றது. மணி பத்து. மாரண்டஹள்ளியில் என் தங்கை மகனுக்கு நிச்சயதார்த்தம். பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்பது என் அவசரம்.

“இப்ப முறுக்கக் கூடாதுங்க சார். சக்கரம் தொங்கிட்டிருக்குது. கீழ எறக்கி, வெயிட்டு உக்காந்தப்புறம் குழி மேல நிறுத்தித்தான் முறுக்கணும். இல்லீன்னா ரப்பரு திருகினபடியே கெடந்து சீக்கிரம் கிழிஞ்சிரும்ங்க.”

வண்டிக்கடியில் நின்று வேலை செய்ய வெட்டிய அந்தக் குழியின் மேல் ஒரு பள்ளி வேன் பாதி கழற்றிய நிலையில் நின்றது. அதை நகர்த்த முக்கால் மணி நேரமாவது ஆகும். ராகுகாலத்தைச் சொன்னேன்.

“ராகு நம்ம பட்டறைக்கெல்லாம் வரமாட்டாருங்க சார். கால்ல கிரீஸ் ஒட்டிக்கும்ல?”

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. “முறுக்கத்தப் பத்தி எனக்கே பாடம் நடத்துறியா? முறுக்குய்யா” என்றேன். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதரை அப்படிச் சொன்னேன். முறுக்கினார். கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, “நாளைக்கே கொண்டாங்க சார், சும்மா தளத்தி மறுபடியும் முறுக்கித் தரேன். மறந்துராதீங்க” என்றார்.

நான் மறக்கவில்லை. போகவும் இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்த இடத்துக்குத் திரும்பிப்போக என் கௌரவம் வளையவில்லை.

இரண்டு மாதத்தில் பழைய சத்தம் திரும்பியது. தர்மபுரியில் வேறொரு பட்டறையில் காட்டினேன். “தொங்கல்லயே முறுக்கியிருக்காங்க சார். வேலை தெரியாத ஆளு” என்றார் அங்கிருந்தவர். “ஆமாம், இண்டூர்க்காரர்” என்றேன். அந்த ‘ஆமாம்’ என் முதல் பொய். அன்றே ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வாட்சப் குழுவில், இண்டூர் பட்டறையில் வேலையும் தெரியாது, போடுவதும் போலிச் சாமான் என்று எழுதினேன். போலி என்பது முழுக்க என் கற்பனை.

இதை நினைக்கும்போது எனக்கு வரும் ஆத்திரம் என் மேல் மட்டுமல்ல. அந்தக் குழுவில் ஒருவர், ஒரே ஒருவர்கூட, “அவரைக் கேட்டீர்களா?” என்று என்னைக் கேட்கவில்லை. அத்தனை பேரின் வண்டிக்கடியிலும் வருடக்கணக்கில் மல்லாந்து கிடந்த மனிதர் அவர். அவருடைய அத்தனை வருட வேலையைவிட என் இரண்டு வரி அவர்களுக்குப் பெரிதாகிவிட்டது. படித்தவன் சொன்னால் சாட்சி வேண்டாம். எண்ணெய்க் கைக்காரன் சொன்னால் சத்தியமே செய்தாலும் போதாது! ஆசிரியர்களின் கார்கள் அங்கே வருவது நின்றது. பள்ளி வேன்களும் வரவில்லை. ஆறு மாதத்தில் பட்டறையைப் பூட்டிவிட்டு, ஓசூரில் இன்னொருவரிடம் வேலைக்குப் போய்விட்டார்.

சென்ற ஆண்டு, அதே குழுவில் உண்மையை எழுதினேன். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். கூப்பிய கைகளும் பூங்கொத்துகளும் வந்தன. ‘இதைச் சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும்’ என்றார் ஒருவர். ஆண்டு விழாவில் இதைப் பற்றிப் பேசச் சொன்னார் இன்னொருவர். அந்த மெக்கானிக் என்ன ஆனார் என்று எவரும் கேட்கவில்லை. என் குற்றத்திலும் எனக்கே மாலை!

ஓசூருக்குப் போனேன். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே நான் சொன்னதை முழுதும் கேட்டார்.

“குரூப்புல போட்டீங்களா? அதுல நான் இல்லீங்களே சார்.”

துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

“ஊரு சொன்னது போவட்டும்ங்க. எம் பொண்ணு உங்ககிட்ட படிச்சது. ‘சார் எதுக்குப்பா பொய் சொல்லப்போறாரு’ன்னு என்னையே கேட்டுச்சு. வூட்டுக்குப் போயி அதுகிட்ட சொல்லுங்க.”

மறுநாள் போனேன். இப்போது அவள் தர்மபுரியில் நர்ஸ். வாசற்படியிலேயே நின்று கேட்டாள். எதையும் விடாமல் சொன்னேன்.

“அந்த வருஷம் முழுக்க அப்பாகிட்ட நான் முகம் குடுத்துப் பேசலீங்க சார்” என்றாள். எங்கள் பக்கத்தில் பகையாளி வந்தாலும் உட்காரச் சொல்வார்கள். அவள் சொல்லவில்லை. அது நியாயம்தான். கைபேசியை எடுத்தாள்.

“யப்பா... சும்மாதான் கூப்புட்டேன். சாப்ட்டியா?”

பேசிக்கொண்டே உள்ளே போனாள். சற்று நேரம் தெருவில் நின்றேன். அவள் குரல் வெளியே வரை கேட்டது. என்ன குழம்பு, இந்த வாரம் வருவியா, முட்டிவலி எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வந்ததை மட்டும் அவள் சொல்லவேயில்லை.