ஒட்டியவர் யாரோ, உரித்தவள் நான்

காரில் ஸ்டிக்கர் ஒட்டுகிறவருக்கு ஒரு நிமிஷ வேலை, உரிக்கிறவளுக்கு அரை நாள் வேலை. வீட்டு பீரோவிலோ புதுத் தட்டிலோ இருந்ததை நகத்தால் சுரண்டி, பாதி வந்து பாதி வராமல், கடைசியில் நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்கள் என் கட்சி. மேலே படியுங்கள்.

ஏற்காட்டில் ஏரிக்குப் போகும் வழியில் ஒரு வாட்டர் சர்வீஸ் செட்டு இருந்தது. அங்கேதான் நான் கார் கழுவினேன், பழைய ஸ்டிக்கர்களையும் உரித்தேன். என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது.

பாப்பாவின் எண்ணெய்

செட்டு முதலாளி பழனிசாமி அண்ணன். எனக்கு முன்னால் இருந்த ஆள் பிளேடால் ஸ்டிக்கரைச் சுரண்டி, ஒரு டாக்டரின் கார் பானெட்டில் ரயில் தண்டவாளம் போட்டுவிட்டுப் போயிருந்தார். அதனால் அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார்: பெயிண்டில் ஒரு கீறல் விழுந்தாலும் மறுநாள் எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போய்விட வேண்டியதுதான். எஸ்டேட்டுக்குப் போனால் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. செட்டில் என்றால் மூலையில் சேலைத் தூளி கட்டிக்கொள்ளலாம். அந்தத் தூளிக்காகத்தான் எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. நானோ ஐந்தாவதோடு நின்றவள், வெளி ஆள் எதிரே வந்தாலே பேச்சு வராது. அண்ணன் சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டினேன்.

முதல் கார் வந்த அன்று நல்ல பனி. பசை கல்லாக இறுகியிருந்தது. பாப்பா முழங்காலில் ஒட்டின பிளாஸ்திரியை அவள் அழாமல் எப்படி எடுப்பேன் என்று யோசித்தேன். வெந்நீர்த் துணியை ஒத்தடம் மாதிரி வைத்தேன். அவளுக்கு வாங்கின தேங்காய் எண்ணெய் உறைந்து கிடந்தது. உள்ளங்கையில் உருக்கி ஓரமெல்லாம் தடவினேன். அவள் பால் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, மேலே தூக்கி இழுக்காமல், பாய் சுருட்டுவது மாதிரி மெல்ல மடக்கிக்கொண்டே வந்தேன். முழுசாக வந்தது. மிச்சப் பசைக்குத் துணியில் துளி மண்ணெண்ணெய், உடனே சோப்புத் தண்ணீர். அண்ணன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, குனிந்து நாலு பக்கமும் பார்த்தார்.

"காரு அழுவுதான்னு பாத்தேன் கண்ணு. அழுவல. நாளைக்கும் வந்துரு."

சாமி இறங்கிய நேரம்

மாரமங்கலத்து விவசாயி ஒருவர் ஜீப் கொண்டுவந்தார். பானெட்டில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பிள்ளையார். ஜீப்பைக் கறிக்கடைக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டாராம். பிள்ளையாரையும் கூட அனுப்ப மனசு வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்திலேயே நின்றுகொண்டார். தும்பிக்கை மடங்கக் கூடாது, கீழே வைக்கக் கூடாது, சாக்கடைப் பக்கமே காட்டக் கூடாது. பிள்ளையார் சேதாரமில்லாமல் வந்தார். இனி இங்கேயே இருக்கட்டும் என்று விவசாயி சொன்னதால், அவரைச் செட்டின் தகரச் சுவரில் கிழக்குப் பார்த்து வைத்தோம்.

பானெட்டில் மண்ணெண்ணெய் தடவிவிட்டுச் சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பினேன். சாமியை எடுத்த இடத்துக்கு மன்னிப்புக் கேட்க, விவசாயி வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி அந்த பானெட்டிலேயே வைக்கப் போய்க்கொண்டிருந்தார். 'வேண்டாம்' என்ற ஒரு சொல் எனக்கு வாயில் வரவில்லை. கை முந்திக்கொண்டது. ஒரு வாளித் தண்ணீரும் அவர் மேல். வாசனையைப் பிடித்து ஓடி வந்த அண்ணன்தான் துண்டைக் கொடுத்து விஷயத்தை விளக்கினார். விவசாயி தலையைத் துவட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"ஏனுங்கம்மா, மண்ணெண்ணெய்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே அணைச்சிருப்பனே. குளிரு நொம்ப இருக்குதுங்க."

சிஸ்டர் காரில் நடிகர்

கான்வென்ட் சிஸ்டரின் வெள்ளைக் கார் சும்மா கழுவுவதற்குத்தான் வந்தது. அன்று காலை ஒரு டாக்சியிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்ட சினிமா நடிகர் ஒருவரை உரித்து வைத்திருந்தேன், பசைகூடப் போகவில்லை. பாப்பா அதை எடுத்துப்போய் சிஸ்டர் காரின் பின்பக்கம் ஒட்டிவிட்டாள். கார் கேட்டைத் தாண்டும்போதுதான் நடிகர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கூப்பிட வேண்டும். எனக்கா பேச்சு வரும்? சேலை முனையைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு வாரம் சிஸ்டர் காரைப் பார்த்தாலே தூளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனேன். எட்டாம் நாள் பிடிபட்டேன். நடிகர் அப்படியே இருந்தார்.

"இது பாப்பா வேலைதானே? இருக்கட்டும்மா. இப்பதான் பிள்ளைங்க என் காரைப் பார்த்து ஓடாம நிக்கிறாங்க."

போகாத சின்னம்

எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் பழைய பச்சை அம்பாசிடர் வாங்கியிருந்தார். முன்கதவில் ஒரு கட்சிச் சின்னம், உள்ளங்கை அளவு. மகளைப் பெண் பார்க்க அன்று மத்தியானம் குப்பனூர் வழியாக வருகிறவர்கள் எதிர்க்கட்சிக் குடும்பம். அவரே போய் அழைத்து வர வேண்டும். ஸ்டிக்கர் அழகாக வந்தது, ஆனால் சின்னம் போகவில்லை. வெளிறின பச்சைக் கதவில், அதே வடிவத்தில், இன்னும் பளிச்சென்று கரும்பச்சையாக நின்றது.

"பெயிண்டைக் கெடுத்துப்புட்டாங்கண்ணா" என்று ரைட்டர் கத்தினார். அண்ணன் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தூளியைப் பார்த்தார். "நாளையிலிருந்து வர வேண்டாம் கண்ணு" என்றார்.

தூளியில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு எப்படியோ வாய் திறந்தது. "ஏனுங்க, நான் கெடுக்கலைங்க. அந்த எடந்தாங்க நல்லாருக்குது. சுத்திலும் இருக்கறதுதான் வெயில்ல வெளிறிப்போச்சுங்க." சொல்லிவிட்டு, கதவைத் திறந்து உள்விளிம்பைக் காட்டினேன். வெயில் படாத அந்த இடத்திலும் அதே கரும்பச்சை. இரண்டு பேரும் கதவைத் திறந்து மூடித் திறந்து பார்த்தார்கள்.

"அது சரிங்க, சம்பந்திக்கு நான் உள்விளிம்பைக் காட்டிட்டு நிக்க முடியுமா?" என்றார் ரைட்டர், குரல் இறங்கி. வாய் திறந்தது திறந்ததுதான் என்று நானே சுவரிலிருந்த பிள்ளையாரை எடுத்தேன். எண்ணெயைத் துடைத்து, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் தடவி, சின்னத்தின் மேல் ஒட்டினேன். தட்டு அகலம், சின்னம் முழுக்க மறைந்தது. "இதை எடுக்கணும்னா என்கிட்டத்தானுங்க வரணும்" என்றும் சொல்லிவைத்தேன், அண்ணன் காதில் விழும்படியாக. மறுநாள் நான் தூளி கட்டும்போது அண்ணன் வந்து, கயிறு உறுதியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். அடுத்த வாரம் ரைட்டர் வெற்றிலை பாக்கோடு வந்தார்.

"சம்பந்தி எறங்கினதும் மொதல்ல கதவைத் தொட்டுக் கும்புட்டாருங்க. அடியில என்ன இருக்குதுன்னு நான் சொல்லல, நீங்களும் சொல்லிராதீங்க."

எத்தனையோ ஸ்டிக்கரை உரித்தேன், ஆனால் என் வேலை நிலைத்தது நான் ஒட்டின ஒரே ஒரு ஸ்டிக்கரால்தான்.