எரிந்தால்தான் வேலை செய்கிறது என்றேன்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் அசிங்கம். மார்பில் புற்றுநோய் வந்த என் மனைவி, மூன்றாவது கீமோ ஊசிக்குப் பிறகு, "விரலெல்லாம் மரத்துப் போவுது, பாதம் நெருப்ப மிதிச்சாப்ல எரியுதுங்க" என்றாள். "எரிஞ்சாதான் மருந்து வேல செய்யுதுன்னு அர்த்தம்" என்றேன். மூட்டுவலித் தைலத்துக்கு எங்கள் மலையில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு அது. எரியாத தைலத்தைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவோம். ரத்தத்தில் ஏற்றும் மருந்துக்கும் அதே கணக்கைப் போட்ட மேதை ஜவ்வாது மலையில் நான் ஒருவன்தான்.

ஜமுனாமரத்தூரில் எனக்கு ஜெராக்ஸ் கடை. ஊர்க் காகிதமெல்லாம் என் கைவழியாகப் போவதால், எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு.

ஒவ்வொரு ஊசிக்கும் மலையிறங்கிப் போவோம். டாக்டர், "கை கால் மரத்துப் போவுதாம்மா?" என்று கேட்பார். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் முந்திக்கொள்வேன்: "நல்லா கீறா சார். என் சமையலச் சாப்ட்டே பொழச்சிக்கினா, பாருங்க." அவர் சிரித்துவிடுவார். உண்மையைச் சொன்னால் மருந்தைக் குறைப்பார்கள், குறைத்தால் நோய் மிச்சமாகிவிடும் என்று எனக்குப் பயம். பயந்தால் நான் ஜோக் அடிப்பேன்.

கடைசி ஊசியன்று, ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி ரத்தம் கேட்டு வந்தாள். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று ஏதோ சொன்னாள். நான் விழிப்பதைப் பார்த்து, "இன்னா வேல செய்றீங்க?" என்றாள். சொன்னேன்.

"அப்ப சுலுவு. ஜீன்னா ஒரிஜினல். அத வெளிய எடுக்காம, ஜெராக்ஸ் காப்பி போட்டுத்தான் ஒடம்பு வேல பாக்குது. மைக்ரோ ஆர்.என்.ஏ. சின்னச் சீட்டு மாதிரி. காப்பி மேல போய் ஒட்டிக்கும். ஒட்டுனா அந்தக் காப்பி செல்லாது. கீமோ மருந்து பட்டா நரம்புல சில சீட்டு கொறையுது, சிலது கூடுது. நிறுத்த வேண்டிய காப்பி நிக்காம ஓடுது. அப்படித்தான் சும்மா இருக்கற நரம்புகூட எரியுது எரியுதுன்னு சேதி அனுப்புதோன்னு பாக்கறோம்."

பிறகு என் மனைவி பக்கம் திரும்பி, "எரிச்சல் எப்பலேர்ந்துக்கா?" என்றாள்.

"மூணாவது ஊசிலேர்ந்து."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "டாக்டர்கிட்ட சொல்லலியா? சொல்லிருந்தா அளவ மாத்திப் பாத்திருப்பாங்களே."

என் மனைவி சுவரைப் பார்த்தாள். அன்று அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம்.

"இந்தச் சீட்டயெல்லாம் சரி பண்ண மருந்து எப்பம்மா வரும்?" என்றேன்.

"தெரியலீங்க சார். இப்பத்திக்கு எலிங்ககிட்டதான் நெறைய பாத்திருக்காங்க."

"அப்ப எலிக்குச் சரியாயிடும்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

நோய் அடங்கிவிட்டது என்கிறார்கள். எரிச்சல் அடங்கவில்லை, தொட்டால் தெரியும் உணர்வும் திரும்பவில்லை. புளியில் கொட்டை எடுப்பதில் அவள் வேகத்துக்கு யாரும் ஈடில்லை. இப்போது ரவிக்கை ஊக்கைக்கூடக் கண்ணால் பார்த்துத்தான் மாட்டுகிறாள்.

போன வாரம் சந்தையில் அவளுடைய ஒரு செருப்பு கழன்றுவிட்டது. தெரியாமல் நடந்து போய்க்கொண்டே இருந்தாள். நான் அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஒரு கடை வாசலில் உட்காரவைத்து, அந்தப் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்தேன். உள்ளங்காலில் முள் ஏறி ரத்தம். அவளோ தன் பாட்டுக்குத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முள்ளைப் பிடுங்கினேன். முகம் அசையவில்லை.

எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

"அன்னிக்கு ஒன்ன பேசவுடாம பண்ணது நான்தான். கால புடிச்சிக்கினு கேக்கறேன், மன்னிச்சிடு" என்றேன்.

அவள் திரும்பாமலே கேட்டாள்: "எந்தக் கால?"