உள்ளங்கை அளவு பட்டை

மக்தர் மலைச்சரிவில் பைன் காய்களைப் பறித்து, சூடேற்றி வெடிக்கவைத்து, கறுப்பு விதைகளை விற்றுப் பிழைப்பவள் முபாரக்கா. நபி பிறந்தநாளுக்கு ஊரே அந்த விதையை அரைத்துக் கூழ் கிண்டும். புருஷன் இறந்த வருஷம், "பொம்பள மரம் ஏறலாமா?" என்று கீழே நின்று கேட்டவர்களை மேலே உட்கார்ந்தபடியே வாங்கு வாங்கென்று வாங்கினாள். அதன்பிறகு அவளிடம் வாய் கொடுக்க ஊரில் ஆளில்லை.

வனத்துறை ஷாத்லி புதியவர், அவருக்கு அது தெரியாது. மரப்பட்டையைக் குடையும் வண்டு விழுந்த அந்த வசந்தத்தில் அவர் மரங்களில் ஓட்டைகளை எண்ணினார். ஓட்டை இருந்த மரத்துக்கெல்லாம் சிவப்பு வளையம் போட்டார். ஏறக்குறைய சரிவு முழுதும் சிவந்துவிட்டது. அத்தனையையும் வெட்டி எரித்தால் அவளுக்குப் பறிக்க என்ன மிஞ்சும்?

ரம்பக்காரன் ஹஃப்னாவியோடு வந்தவரை அவள் வழிமறித்தாள்.

"நீங்க அதிகமாப் பறிக்கிற அந்தப் பெரிய மரத்துக்கு மட்டும் வளையம் போடாம விட்டிருக்கேம்மா. சத்தம் போடாம போங்க," என்றார் ஷாத்லி.

"எனக்குப் பிச்சை போடுறியா தம்பி? ஓட்டைய எண்ணுனியே, உள்ள பாத்தியா?"

பதிலுக்குக் காத்திராமல் கைக்கோடரியால் ஒரு மரத்தில் உள்ளங்கை அளவு பட்டையைப் பெயர்த்தாள். தாய் வண்டு குடைந்த தடம் கோணல்மாணலாக ஓடிப் பாதியில் நின்றிருந்தது. அதன் இருபுறமும் சீப்புப் பல்லாகக் குஞ்சுகளின் தடம் பிரிந்திருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. வண்டைப் பிடித்து, கையோடு கொண்டுவந்த தட்டில் தண்ணீர் விட்டு நசுக்கினாள். வெள்ளை நூலாகப் புழுக்கள் நெளிந்தன.

"பாத்துக்க. இது வயித்துல குடியிருந்தா வண்டு முட்டை வைக்காது. மேல்சரிவுலயும் மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே கதைதான். எவனும் வெட்டல, இன்னிக்கும் பச்சையா நிக்குது. நீ எரிச்சா புழுவும் சேந்து சாம்பலாயிடும். அடுத்து வர்ற வண்ட நீயா போய்ப் புடிப்ப?"

ஹஃப்னாவி சிரிப்பை அடக்கினான். ஷாத்லிக்கு முகம் கறுத்தது. "எல்லா மரமும் இப்படித்தான்னு என்ன நிச்சயம்?"

"நிச்சயமில்ல. அதான் ஒவ்வொண்ணா உரிச்சுப் பாரு. குஞ்சு இருந்தா வெட்டு, நானே தள்ளி நிக்கறேன். உரிக்காம ரம்பம் வச்சா முதல்ல என்மேல வை."

மூன்று நாள் உரித்தார்கள். பத்தில் ஒன்றுதான் வெட்டப்பட்டது. கடைசியாக, வளையமே போடாமல் ஷாத்லி விட்டிருந்த அவளுடைய பெரிய மரம் நின்றது. ஐந்து மூட்டை காய் தரும் மரம்.

"அது வேணாம்க்கா," என்றான் ஹஃப்னாவி.

அவளே பட்டையைப் பெயர்த்தாள். சீப்புப் பல் வரிசையாகத் தடங்கள், ஒவ்வொன்றின் முனையிலும் கொழுத்த வெள்ளைக் குஞ்சு. ஷாத்லி வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

"எதுக்கு அங்க பாக்குற? இதையும் வெட்டுற கணக்குல எழுதிக்க," என்றவள், ரம்பம் வருமுன் கோடரியை ஓங்கி முதல் வெட்டைத் தானே போட்டாள்.