குடிபூரலுக்குக் கொண்டுபோன உப்பு

சில வருடங்களுக்கு முன், நவம்பர் மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது. எங்கள் மகளும் மருமகனும் லண்டன் நெரிசல் போதும் என்று கென்ட் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமத்தில் வீடு வாங்கியிருந்தார்கள். அன்று குடிபூரல். புது வீட்டில் பால் காய்ச்சிக் குடியேறுவதை யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வோம். நானும் கணவரும் குரோய்டனிலிருந்து காரில் போக வேண்டும்.

கோயில் ஐயர் பஞ்சாங்கத்தை லண்டன் நேரத்துக்குக் கணித்து, எட்டு ஐம்பதிலிருந்து ஒன்பதரைக்குள் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்று எழுதித் தந்திருந்தார். நல்லநேரம் பார்க்காமல் நான் மருந்துக் கடைக்குக்கூடப் போவதில்லை என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்வார். அது பொய். மருந்துக் கடைக்குப் போயிருக்கிறேன்.

கார் டிக்கியில் சுவாமிப் படம், குத்துவிளக்கு, மஞ்சள், ஒரு மூட்டை அரிசி, தமிழ்க் கடையில் ஒரு கிலோப் பைகளாக வாங்கிய ஐந்து கிலோ கல்லுப்பு. இவைதான் முதலில் வாசல்படியைத் தாண்ட வேண்டும். உப்பும் அரிசியும் முதலில் நுழைந்த வீட்டில் ஒன்றுக்கும் குறை வராது என்பது எங்கள் நம்பிக்கை. அப்படி எடுத்துப் புறப்பட்ட உப்பை வழியில் எவருக்கும் கொடுக்கவும் கூடாது, சிந்தவும் கூடாது. உப்பு மகாலட்சுமி அல்லவா? ஒரு கிலோ போதும்தான். ஆனால் ஒரே மகள், முதல் சொந்த வீடு. கொஞ்சமாகச் செய்ய எனக்கு மனம் வராது.

குரோய்டனில் கார்க் கண்ணாடியில் மெல்லிய உறைபனி மட்டும்தான். கணவர் அதைச் சுரண்டும் நேரத்துக்குள் நான் நாலு தரம் மணி பார்த்தேன். நகரம் முடிந்து வயல்வெளி தொடங்கியதும் உலகமே மாறிவிட்டது. இரவு பெய்த பனி வயல்களை மூடிக் கிடந்தது. வேலிச் செடிகளின் ஒவ்வொரு முள்ளிலும் வெள்ளை பூத்திருந்தது. செம்மறியாடுகள் ஆவி விட்டுக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும் இப்படி ஒரு காலையை நான் பார்த்ததில்லை. பட்டுச் சேலைக்கு மேல் கோட்டு, காலில் கம்பளிச் சொக்ஸ், மனம் நிறைந்த சந்தோஷம். நல்ல சகுனம் என்று கணவரிடம் சொன்னேன். அவர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மகளின் வீட்டுக்கு இன்னும் இரண்டு மைல் இருக்கும்போது ஒரு ஒற்றை வழிப் பாதை. இரண்டு பக்கமும் உயர்ந்த கரை, நடுவில் செங்குத்தான ஏற்றம். அந்த ஏற்றத்தின் பாதியில் ஒரு சின்னக் கார் குறுக்காக நின்றது. சில்லுகள் சுழன்றனவே தவிர கார் ஒரு அடிகூட மேலே போகவில்லை. அப்போது மணி எட்டு ஐம்பத்தைந்து. வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைந்தது போல இருந்தது எனக்கு.

காரிலிருந்து ஒரு இளம் பெண் இறங்கி, வழுக்கி வழுக்கி எங்களிடம் வந்தாள். வீடுகளுக்குப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் கேரர்களின் சீருடை போட்டிருந்தாள். சிம்பாப்வேயிலிருந்து வந்து ஆறு மாதம்தானாம். ஸ்நோவை அன்றுதான் முதல் தடவை பார்க்கிறாளாம். ஏற்றத்துக்கு அப்பால் ஒரு கிழவர் தனியாக இருக்கிறார், முதல் நாள் இரவு ஏழு மணிக்குப் படுக்க வைத்தது, யாராவது போய்த் தூக்கினால்தான் எழும்புவார், சர்க்கரை வியாதிக்காரர், எட்டு மணிக்கே தான் அங்கே நின்றிருக்க வேண்டும் என்று மூச்சு வாங்கச் சொன்னாள். வருகிறாயா வருகிறாயா என்று அவர் இரண்டு தரம் போன் பண்ணிவிட்டாராம். நடந்து போகப் பார்த்து விழுந்தும் விட்டாள். முழங்காலில் பனி ஒட்டியிருந்தது. பனியை உருக்க ரோட்டுக்குப் போடும் உப்பு மண் வைத்திருக்கும் மஞ்சள் பெட்டி ஒன்று கரையில் இருந்தது. திறந்து பார்த்தோம். அடியில் காய்ந்த இலைதான் கிடந்தது.

கணவர் போய் டிக்கியைத் திறந்தார். மண்வெட்டி தேடுகிறார் என்று நினைத்தேன். அவர் கை உப்புப் பையில் இருந்தது.

"அதைத் தொடாதேங்கோ. அது பிள்ளையின்ரை வீட்டுக்கு," என்றேன்.

"இஞ்சை பாரும், அந்த மனுசன் படுக்கையிலை கிடக்குதாம்."

"அதுக்கு? நல்லநாளும் அதுவுமா உப்பைத் தூக்கி ரோட்டிலை கொட்டுறதோ? காரைத் திருப்புங்கோ. சுத்திப் போவம். கவுன்சிலுக்கு அடிச்சால் அவங்கள் வந்து பாப்பாங்கள்."

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ரோட்டைப் பராமரிக்கும் கவுன்சில் போனை எடுக்குமா என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் சொன்னேன். டிக்கியின் மூடியில் என் கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. இரண்டு நிமிடம் இருக்கும்.

அந்தப் பிள்ளைக்கு எங்கள் பாஷை விளங்கவில்லை. எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தனக்கு எப்படி உதவுவது என்றுதான் நாங்கள் இவ்வளவு மும்முரமாகப் பேசுகிறோம் என்று நினைத்துவிட்டாள். கைகளை நெஞ்சில் வைத்து, "நன்றி, உங்கள் இருவருக்கும் மிக்க நன்றி" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கண் கலங்கியிருந்தது.

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஒரு திட்டும் அந்த நன்றியைப் போல எனக்குச் சுட்டதில்லை. நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல வெட்கமாக இருந்தது. மூடியில் இருந்த கை தானாக விலகியது. முதல் பையை நான்தான் எடுத்தேன். பல்லால் கடித்துக் கிழித்தேன்.

பட்டுச் சேலையோடு அந்த ரோட்டில் முழங்காலிட்டுச் சில்லுகளுக்கு முன்னாலும் பின்னாலும் உப்புப் போட்டேன். கணவர் டிக்கியில் கிடந்த மண்வெட்டியால் பனியை வழித்துக்கொண்டு முன்னால் போக, நான் பின்னால் கோலம் போடுவது போலக் குனிந்து குனிந்து ஏற்றத்தின் உச்சிவரை போட்டுக்கொண்டே போனேன். ஐஸ் மெல்ல நொறுநொறு என்று சத்தம் போட்டது. ஐந்து கிலோவும் முடிந்தது. கால் மணி நேரம் காத்திருந்தோம். அந்த நேரம் முழுக்க நான் ஒருமுறைகூட மணிக்கூட்டைப் பார்க்கவில்லை என்று கணவர் பிறகு சொன்னார். அவள் காரை எடுக்க, நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நின்று தள்ளினோம். இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டு ஏறியது.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த உப்பு இல்லாவிட்டால் எங்கள் காரும் அந்த ஏற்றத்தில் ஏறியிருக்காது.

மேலே போனபோது ஒரு சின்ன வீட்டின் முன்னால் அவளுடைய கார் நின்றது. கதவைக்கூடச் சாத்தாமல் உள்ளே ஓடியிருந்தாள். கணவர் இறங்கிப் போய்க் கார்க் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் திரைச்சீலை விலகியது. அவள் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். பின்னாலிருந்து ஒரு கிழவரின் குரல், யார் அது, யார் வந்திருப்பது என்று கோபமாகக் கேட்டது. அந்தக் கோபம் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. கோபப்படத் தெம்பு இருக்கிறதே!

நாங்கள் மகளின் வீட்டை அடைந்தபோது ஒன்பது ஐம்பது. நல்லநேரம் முடிந்து இருபது நிமிடம். என் சொல்லைத் தட்டாமல் பிள்ளைகள் இரண்டு பேரும் பூட்டிய கதவுக்கு வெளியே நடுங்கிக்கொண்டு நின்றார்கள். மருமகன் பட்டு வேட்டிக்கு மேல் தடித்த குளிர்ச் சட்டை போட்டுப் பார்க்கவே சிரிப்பாக இருந்தார்.

"அம்மா, நேரம் போயிட்டுது. பின்னேரம் வேறை நேரம் இருக்கோ எண்டு ஐயரைக் கேப்பமோ?" என்றாள் மகள்.

"ஒருத்தரையும் கேக்க வேண்டாம். கதவைத் திற," என்றேன். கணவர் என்னை யாரோ ஊர் பேர் தெரியாத பெண்ணைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

சாமான்களை இறக்கும்போது, "உப்பு எங்கை?" என்று மகள் கேட்டாள். "ரோட்டிலை," என்றேன். நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டிக்கி மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றதை மட்டும் நான் சொல்லவில்லை. கணவரும் காட்டிக் கொடுக்கவில்லை. அதற்காக அவருக்கு அன்று ஒரு வடை கூடுதலாக வைத்தேன். மருமகன் தன் சட்டைப் பைக்குள் துழாவி, மீன் பொரியல் கடையில் கொடுக்கும் சின்ன உப்புப் பக்கெட்டுகள் இரண்டை எடுத்து, "மாமி, இது காணுமோ?" என்று கேட்டார். போதும் என்றேன். அரிசிக்குப் பக்கத்தில் அதையும் வைத்து உள்ளே போனோம். பால் நன்றாகப் பொங்கி வழிந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில் வந்து வயல் முழுக்க மின்னியது.

நான் இப்போதும் நல்லநேரம் பார்க்கிறவள்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் என் மகளின் வீட்டுக்குரிய நல்லநேரம் எது என்று யாராவது கேட்டால், நான் இன்னும் செய்யாத உதவிக்கு அந்தப் பிள்ளை எனக்கு நன்றி சொன்ன நேரம்தான் அது என்று என் மனம் எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிக்கொள்கிறது.